கோபத்தை மூளையிலிருந்து எடுத்துவிட்டால் ஒருவர் நல்லவர் ஆகிவிடுவாரா?

அறுபடை வீடுகளில் ஐந்தாவதாகச் சொல்லப்படும் திருத்தணிக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. கந்த சஷ்டி அன்று திருச்செந்தூர் தொடங்கி ஊர் ஊராக சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணி மலையில் மட்டும் நடக்காது. சூரபத்மனோடு போர் முடித்த முருகன் சினம் தணிந்து வந்து அமர்ந்த இடம் இது, 'தணிகை' என்ற பெயரே அப்படி வந்ததுதான் என்கிறது தல புராணம். கோபம் தணிந்த இடத்தில் மறுபடி எதற்குச் சண்டை? அதனால் அன்றைக்கு இங்கே புஷ்பாஞ்சலிதான்.

இன்றைக்கும் 365 படி ஏறி வருகிறவர்களின் வேண்டுதலில் வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் இருக்கும். கூடவே, 'இவன் குடிய விடணும்', 'இவருக்குக் கோபம் குறையணும்' என்பதும் இருக்கும். அதாவது, ஒருவருடைய குணம் மாற வேண்டும் என்ற வேண்டுதல். கடவுளுக்கே கோபம் தணிய ஒரு மலையும் கொஞ்சம் காலமும் தேவைப்பட்டது. அதே வேலையை ஓர் ஊசியோ, ஒரு மாத்திரையோ, தலையில் மாட்டும் ஒரு மின்பட்டையோ செய்து கொடுத்துவிட்டால்?

இது ஏதோ சயின்ஸ் ஃபிக்‌ஷன் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால், திருத்தணியில் ரயில் ஏறி சென்னை சென்ட்ரலில் இறங்கினால் எதிரே நிற்கிறதே அரசு பொது மருத்துவமனை, அங்கே 1960களிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு.

சென்னையில் என்ன நடந்தது?

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-ல் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கிவைத்தவர் டாக்டர் பி.ராமமூர்த்தி. சீர்காழியில் பிறந்தவர். இந்திய நரம்பியல் அறுவை சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவர் என்று இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பெயர். அவருடைய குழுவில் டாக்டர் வி.பாலசுப்பிரமணியம், டாக்டர் டி.எஸ்.கனகா ஆகியோர் இருந்தார்கள். கனகா, ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்களில் ஒருவர்.

இந்தக் குழுவிடம் ஒருவகை நோயாளிகள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தார்கள். அடிப்பார்கள், கடிப்பார்கள், பொருட்களை உடைப்பார்கள், ஓர் இடத்தில் உட்கார மாட்டார்கள். பலருக்கு வலிப்பு நோயோ, மூளைக்காய்ச்சலின் பின்விளைவோ, அறிவுத்திறன் குறைபாடோ இருந்தது. மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்று, அடங்கவில்லை. குடும்பத்தால் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை.

அவர்களுக்குச் செய்யப்பட்டது 'ஸ்டீரியோடாக்டிக்' அறுவை சிகிச்சை. மண்டையோட்டைப் பெரிதாகத் திறக்க வேண்டியதில்லை. தலையில் ஒரு உலோகச் சட்டத்தைப் பொருத்தி, எக்ஸ்ரே படத்தை வைத்து இடத்தைக் கணக்கிட்டு, சிறு துளை வழியாக மெல்லிய கருவியை உள்ளே செலுத்தி, குறிப்பிட்ட ஒரு புள்ளியை மட்டும் செயலிழக்கச் செய்வார்கள். அந்தப் புள்ளி பெரும்பாலும் அமிக்டலா. பாதாம் பருப்பு அளவில், மூளையின் இரண்டு பக்கத்திலும் உள்ளே பதுங்கியிருக்கும் பகுதி. பயம், ஆபத்து, கோபம் ஆகியவற்றுக்கு உடம்பைத் தயார்ப்படுத்துவதில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு. அதில் பலன் கிடைக்காதபோது, ஹைப்போதலாமஸின் பின்பகுதியில் இன்னொரு அறுவை.

முறை சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. அமிக்டலா அறுவையை முதலில் பெரிய அளவில் செய்தவர் ஜப்பானின் ஹிரோதாரோ நராபயாஷி. ஹைப்போதலாமஸ் அறுவை அதே நாட்டின் கெய்ஜி சானோவுடையது. ஆனால், எண்ணிக்கையில் சென்னை உலகின் பெரிய மையங்களில் ஒன்றாக ஆனது. 1988-ல் ராமமூர்த்தி வெளியிட்ட கட்டுரையில் கணக்கு இருக்கிறது: 28 ஆண்டுகளில் 1,774 ஸ்டீரியோடாக்டிக் அறுவைகள். அவற்றில் 603, கட்டுப்படுத்த முடியாத ஆக்ரோஷத்துக்காகச் செய்யப்பட்டவை. அதில் 481 அமிக்டலா அறுவைகள், 122 ஹைப்போதலாமஸ் அறுவைகள். தொடக்கத்தில் 76 சதவீதம் பேருக்கு நல்ல அல்லது ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது என்கிறது அந்தக் கட்டுரை. நோயாளிகளில் சிறுவர் சிறுமியர் கணிசமாக இருந்தார்கள். 11 வயதுகூட நிரம்பாதவர்களும் இருந்தார்கள்.

இந்தச் சிகிச்சைக்கு அவர்கள் வைத்த பெயரைத்தான் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். 'செடேட்டிவ் நியூரோசர்ஜரி'. தமிழில் சொன்னால், அமைதிப்படுத்தும் மூளை அறுவை. நோயாளியைச் சாதுவாக, சமாளிக்கக்கூடியவராக ஆக்குவதே நோக்கம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். மறைக்கவில்லை. பலனையும் தரம் பிரித்தார்கள். மருந்தே தேவைப்படாமல் மற்றவர்களோடு கலந்து பழகினால் முதல் தரம். சாதுவாகி, எப்போதாவது மட்டும் ஆர்ப்பாட்டம் செய்தால் அதற்கடுத்தது. மருந்து கொடுத்தால் சமாளிக்க முடிகிறது என்றால் இன்னும் ஒருபடி கீழே.

படித்தவுடன் ஒரு விஷயம் உறுத்தும். இந்த மதிப்பெண் எல்லாமே பார்த்துக்கொள்கிறவர்கள் பக்கமிருந்து போடப்பட்டவை. வீடு அமைதியானதா, வார்டு அமைதியானதா என்பது தெரிகிறது. அந்தக் குழந்தைக்கு உள்ளே என்ன ஆனது? அது சந்தோஷமாக இருந்ததா, வெறுமனே அடங்கிப்போனதா? அதற்கு அந்த அளவுகோலில் இடமே இல்லை.

சரி, அதற்காக அந்த மருத்துவர்களை வில்லன்களாக்கிவிட முடியுமா? அது சுலபமான தீர்ப்பாகிவிடும். அவர்கள் ரகசியமாகச் செய்யவில்லை. அரசு மருத்துவமனையில், ஏழைகளுக்கு, உலகம் அன்றைக்கு ஏற்றுக்கொண்டிருந்த முறையில் செய்து, மருத்துவ இதழ்களில் வெளியிட்டார்கள். மாற்று வழி என்னவாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டுத் தூணில் கட்டிவைப்பது. இல்லாவிட்டால் ஏதாவது தலத்தில் கொண்டுபோய்ச் சங்கிலியில் விடுவது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் தீப்பிடித்தபோது ஓடக்கூட முடியாமல் 28 பேர் இறந்தார்களே, அவர்கள் அப்படிச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள்தான். 1960களில் ஒரு தாய்க்கு முன்னால் இருந்தது சங்கிலியா, அறுவையா என்ற கேள்வி. இன்று ஏசி அறையில் உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்வது எளிது.

நோயைக் குணப்படுத்துவதும் குணத்தைத் திருத்துவதும்

பிரச்சினை தொடங்குவது, இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு அழியும்போது. அந்தக் கோடு நாம் நினைப்பதைவிட மெல்லியது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த ஒரு சம்பவம் 2003-ல் மருத்துவ இதழில் பதிவானது. 40 வயது ஆசிரியர். எந்தக் குற்றப் பின்னணியும் இல்லாதவர். திடீரென்று அவரிடம் குழந்தைகள் மீதான பாலியல் நாட்டம் தலைதூக்கியது, வழக்காகி, சிறை வாசல்வரை போனார். தலைவலி என்று மருத்துவமனைக்குப் போனபோது ஸ்கேனில் தெரிந்தது, நெற்றிக்குப் பின்னால் முட்டை அளவில் ஒரு கட்டி. அதை எடுத்தார்கள், அந்த நாட்டமும் போனது. சில மாதங்கள் கழித்து அது திரும்பியது. பரிசோதித்தால், கட்டியும் மறுபடி வளர்ந்திருந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி போனது.

இவருக்குச் செய்தது நோய்க்கான சிகிச்சையா, ஒழுக்கத்துக்கான சிகிச்சையா? இரண்டும்தான்.

எதிர்த் திசையிலும் உதாரணம் உண்டு. கைநடுக்கம் வரும் பார்க்கின்சன் நோய்க்கு டோபமைன் வகை மாத்திரைகள் கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிடும் சிலர், வாழ்க்கையில் சீட்டைத் தொட்டே பார்க்காதவர்கள், சூதாட்டத்தில் பணத்தை இறைக்கத் தொடங்குகிறார்கள். சிலர் கண்டதையும் வாங்கிக் குவிக்கிறார்கள். மாத்திரையைக் குறைத்தால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடுகிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் 'இந்த வயசுல புத்தி கெட்டுப்போச்சு' என்று திட்டியிருப்பார்கள். கெட்டது புத்தி அல்ல, டோஸ்.

ஆக, மருந்து குணத்தை மாற்றும் என்பது இனி நிரூபிக்க வேண்டிய விஷயம் இல்லை. அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அப்படியென்றால், கெட்ட திசையில் தள்ள முடிகிற மூளையை வேண்டுமென்றே நல்ல திசையில் தள்ளினால் என்ன? தத்துவத் துறையில் இதற்கு அற மேம்பாடு என்று பெயர். 2008-ல் தாமஸ் டக்ளஸ் என்ற தத்துவ அறிஞர் இதை ஆதரித்து ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஜூலியன் சவுலெஸ்குவும் சுவீடனின் இங்மார் பெர்சனும் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். அவர்களுடைய வாதம் இதுதான்: மனிதனின் மூளை சின்னக் கூட்டமாக வாழ்ந்த காலத்துக்கு உருவானது. இன்று அவன் கையில் அணுகுண்டு இருக்கிறது, பூமியையே சூடாக்கும் திறன் இருக்கிறது. ஆற்றல் வளர்ந்த வேகத்தில் அறம் வளரவில்லை. படிப்பும் உபதேசமும் போதாது என்றால் மருந்தையும் பயன்படுத்தத்தான் வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கடையில் அந்த மருந்து இருக்கிறதா?

'நல்ல குண மாத்திரை' எங்கே?

இல்லை. நெருங்கி வந்தவை மட்டும் உண்டு.

2005-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆக்ஸிடோசின் ஹார்மோனை மூக்கில் ஸ்பிரே செய்துகொண்டவர்கள் ஒரு பண விளையாட்டில் முன்பின் தெரியாதவர்களை அதிகமாக நம்பினார்கள். 'அன்பு ஹார்மோன்' என்று பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு வந்த ஆய்வுகளில் அந்த விளைவு அவ்வளவு உறுதியாகத் திரும்பக் கிடைக்கவில்லை. இன்னும் மோசமாக, நெதர்லாந்தில் கார்ஸ்டன் டி ட்ரூ குழு செய்த சோதனைகளில், அது தன் கூட்டத்தார் மீதுதான் பாசத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்தது. 'நம்மாளு' பாசம். அதை ஸ்பிரே வேறு செய்து கூட்டிக்கொள்ள வேண்டிய நிலையில் நாம் யாரும் இல்லை.

அடுத்தது மின்சாரம். 2018-ல் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் உள்ள ஆய்வாளர்கள் 81 ஆரோக்கியமான இளைஞர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு 20 நிமிடம் நெற்றிப் பக்க மூளையில் லேசான மின்னோட்டம் செலுத்தினார்கள். மறுநாள் ஒரு வன்முறைச் சம்பவத்தை விவரித்து, 'நீங்களாக இருந்தால் அடித்திருப்பீர்களா?' என்று கேட்டார்கள். மின்னோட்டம் பெற்றவர்கள் 'ஆமாம்' என்று சொல்லும் வாய்ப்பு குறைந்தது. கவனியுங்கள், இது காகிதத்தில் சொன்ன எண்ணம். டோல்கேட்டில் யாராவது குறுக்கே வண்டியை விடும்போது என்ன செய்வார்கள் என்பது வேறு விஷயம்.

இவை எல்லாவற்றையும்விடச் சுவாரசியமானது மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சிட்டலோபிராம் மாத்திரையை வைத்து மாலி கிராக்கெட் குழு 2010-ல் செய்த ஆய்வு. ஒரே ஒரு டோஸ் சாப்பிட்டவர்கள், பிறருக்கு நேரடியாகத் தீங்கு செய்வதை முன்பைவிடத் தவறாகக் கருதினார்கள். நல்லதுதானே? ஆனால், இன்னொரு சோதனையும் கூடவே நடந்தது. இருவருக்கு இடையே பணத்தைப் பங்கிடும் விளையாட்டு. எதிராளி அநியாயமாகக் குறைத்துக் கொடுத்தால், 'உன் பணமே வேண்டாம், போ' என்று நிராகரிக்கலாம். அப்போது இருவருக்குமே கிடைக்காது. மாத்திரை சாப்பிட்டவர்கள் அநியாயமான பங்கை நிராகரிப்பதும் குறைந்துபோனது. கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள்.

ஒரே மாத்திரை. பிறரைக் காயப்படுத்தத் தயங்க வைத்தது. அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளவும் வைத்தது.

இங்கே திருத்தணியின் இன்னொரு கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் தலைமையில் வடக்கு எல்லைப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. மறியல், சிறை, கடையடைப்பு. கடைசியில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லையின் அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் அவர்களுடைய நியாயம் இருந்தது, அது வேறு. ஆனால், சினம் தணிந்த ஊர் என்ற பெயர் உள்ள ஊர், தமிழ்நாட்டு வரைபடத்தில் இருப்பது சிலர் சினந்ததால்தான். அன்றைக்கு ஊருக்கே சிட்டலோபிராம் கொடுத்திருந்தால்?

அடக்கமா, அடைப்பா?

இங்கிலாந்தின் ஜான் ஹாரிஸ் என்ற தத்துவ அறிஞர் இதே புள்ளியில்தான் அற மேம்பாட்டை எதிர்த்தார். தவறு செய்யும் சுதந்திரம் இருக்கும்போதுதான் சரியாக நடப்பதற்கு மதிப்பு என்பது அவருடைய வாதம்.

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. திருக்குறளில் 31-வது அதிகாரம், வெகுளாமை. அதன் தொடக்கமே, தன் கோபம் பலிக்கக்கூடிய இடத்தில் அடக்குகிறவனைத்தான் அடக்கமுள்ளவனாகக் கணக்கில் எடுக்கிறது. பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது வள்ளுவரின் கணக்கு. மேனேஜரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து கத்துகிறவர் இந்தக் கணக்கில் தேற மாட்டார். அதே அளவுகோலை வைத்தால், அமிக்டலாவைச் செயலிழக்கச் செய்த ஒருவருக்கு அடக்கம் என்ற சொல்லே பொருந்தாது. அவர் அடக்கவில்லை. அடக்க அங்கே எதுவும் இல்லை.

ஆனால், இந்த வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அடிவாங்குகிற மனைவியிடம் போய், 'உன் கணவன் தானாகத் திருந்தினால்தான் அதற்கு மதிப்பு' என்று சொல்ல முடியுமா? கணவனின் அறத்தூய்மையைவிட அவளுக்கு இன்று ராத்திரி முக்கியம். தத்துவ அறிஞர்கள் பெரும்பாலும் அடிப்பவன் பக்கத்தில் நின்றுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்பது இந்த விவாதத்தின் ஒரு குறை.

சாம்பாரில் கலக்கும் பொடி

அதனால், இந்தக் கேள்வி நம் வீடுகளில் எந்த உருவத்தில் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. மூளை அறுவையாக அல்ல. 'குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்' என்ற விளம்பரமாக. பஸ் ஸ்டாண்டு சுவரில் தொடங்கி இன்ஸ்டாகிராம்வரை அதைப் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார்.

இந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையை வாங்கி, தூளாக்கி, சாப்பாட்டில் கலந்துவிடுகிற குடும்பங்களும் உண்டு. டைசல்ஃபிராம் குடியின் மீது வெறுப்பு வரவைக்கும் மருந்து அல்ல. மது உடம்பில் உடைந்து போகிற பாதையை அது அடைக்கிறது. நடுவில் உருவாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருள் தேங்கிவிடும். முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். மருந்து உள்ளே இருப்பது தெரிந்தவர் அந்தப் பயத்தில் குடிக்காமல் இருப்பார். மருந்து வேலை செய்வதே அந்தத் தெரிதலில்தான். தெரியாதவர் வழக்கம்போலக் குடிப்பார். இதய நோய் உள்ளவர் என்றால் உயிருக்கே ஆபத்து.

இதை மாலை போடுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குடிக்கிற எத்தனையோ பேர் மாலை போட்ட நாட்களில் தொடுவதில்லை. அதுவும் மூளையில் ஒரு தலையீடுதான், ஒருவிதத்தில். சூழ்நிலை மாறுகிறது, கூட்டாளிகள் மாறுகிறார்கள், பழக்கத்தின் சங்கிலி அறுகிறது. மாலையைக் கழற்றிய மறுநாளே கடைக்குப் போகிறவர்களும் உண்டு, மறுக்க முடியாது. ஆனால், மாலையை அவரே போட்டார். பொடியை வேறொருவர் போட்டார்.

சென்னைக் குழு போதைக்கும் மூளை அறுவை செய்து பார்த்தது. 1973-ல் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டது. சீனாவிலும் ஹெராயின் அடிமைகளுக்கு மூளையின் ஒரு பகுதியை அழிக்கும் அறுவைகள் பரவலாக நடந்து, 2004-ல் அந்நாட்டு சுகாதார அமைச்சகம் நிறுத்தச் சொன்னது. குணத்தை உடனே மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம் எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து இல்லை.

கையெழுத்து யாருடையது?

அமெரிக்காவில் இந்தச் சண்டை நீதிமன்றத்துக்குப் போனது. மிச்சிகன் மாநிலத்தில் கொலை, பாலியல் வன்முறைக் குற்றத்துக்காக மனநலக் காப்பகத்தில் 18 ஆண்டுகளாக அடைக்கப்பட்டிருந்த ஒருவருக்கு ஆக்ரோஷத்தைக் குறைக்க அமிக்டலா அறுவை செய்யத் திட்டமிட்டார்கள். அவர் ஒப்புதல் கையெழுத்தும் போட்டிருந்தார். ஒரு வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். 1973-ல் தீர்ப்பு: காலவரையறை இல்லாமல் அடைத்துவைக்கப்பட்டிருப்பவர் போடும் கையெழுத்தை உண்மையான ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது. இதில் முக்கியமான விஷயம், வழக்கு நடந்தபோதே அவருடைய காவலே செல்லாது என்று ஆகி, அவருக்கு விடுதலை கிடைத்தது. வெளியே போகலாம் என்று தெரிந்ததும் அவர் செய்தது, அறுவைக்குக் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றதுதான்.

இந்தியாவில் இதற்கான சட்டம் மிகத் தாமதமாக வந்தது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 96. மனநோய்க்கான சிகிச்சையாக மூளை அறுவை செய்ய வேண்டுமென்றால், யாருக்குச் செய்யப்போகிறார்களோ அவருடைய, விவரம் அறிந்த ஒப்புதல் வேண்டும். கூடவே மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். பெற்றோர் கையெழுத்து போதும் என்று அந்தப் பிரிவில் இல்லை. சங்கிலியில் கட்டுவதையும் இதே சட்டம், பிரிவு 95-ல் தடை செய்தது. 1960களின் அந்தத் தாய்க்கு முன் இருந்த இரண்டு வழிகளையும் ஒரே சட்டம் அடுத்தடுத்த பிரிவுகளில் கையாள்கிறது. மூன்றாவது வழியை, அதாவது பக்கத்திலேயே கிடைக்கும் நல்ல மனநல சேவையையும் வீட்டாருக்கு ஓய்வு தரும் ஏற்பாட்டையும், சட்டத்தால் மட்டும் கொடுத்துவிட முடியாது.

மூளைக்குள் அரசு எவ்வளவு தூரம் கைவிடலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2010-ல் செல்வி வழக்கில் தொட்டது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் நார்கோ பரிசோதனை, பொய் கண்டறியும் சோதனை, மூளை அலைச் சோதனை ஆகியவற்றைச் செய்வது அரசமைப்புக்கு விரோதம் என்றது. மூளையில் இருப்பதைப் படிப்பதற்கே இந்தத் தடை என்றால், மூளையில் எழுதுவதற்கு?

யார் சொல்வது 'நல்லவன்' என்று?

எல்லாவற்றையும்விட ஆபத்தான கேள்வி இதுதான். 1952-ல் கணிதமேதை ஆலன் டூரிங்கை இங்கிலாந்து, தன்பாலின உறவுக்காகத் தண்டித்து, சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசி போட்டது. மேற்கு ஜெர்மனியில் 1960, 70களில் அதே 'குறை'யைத் திருத்த ஹைப்போதலாமஸில் அறுவையே செய்தார்கள். செய்தவர்கள் எல்லாம் அன்றைய அறத்தின்படி நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

இது வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், பாலின, பாலியல் சிறுபான்மையினரை 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடைசெய்யச் சொல்லி உத்தரவிட வேண்டியிருந்தது. அப்படிச் சிகிச்சை தருவது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது அடுத்த ஆண்டில்தான். அதாவது, அதுவரை கிளினிக்குக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய் 'இவனைச் சரி பண்ணிக் கொடுங்க டாக்டர்' என்று கேட்ட பெற்றோருக்குச் சட்டத்தில் தெளிவான தடை இல்லை.

திருத்தணிப் பக்கத்தில் 1888-ல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் முதுகலைக்கு எழுதிய ஆய்வே வேதாந்தத்தில் அறத்துக்கு இடம் உண்டா என்பது பற்றித்தான். இல்லை என்ற விமர்சனத்துக்குப் பதிலாக எழுதியது. அறம் எது என்பதில் படித்தவர்களே நூற்றாண்டுக்கணக்கில் வாதாடிக்கொண்டிருக்கும்போது, மாத்திரை அட்டையின் பின்னால் அதை எழுதிவிடுவது எப்படி?

இப்போதைக்கு நடைமுறை நிலவரம் இதுதான். பிரிவு 96 பேசுவது மனநோய்க்குச் செய்யும் அறுவையைப் பற்றி. நோயே இல்லாத ஒருவர், 'டென்ஷன் குறையும், ஃபோகஸ் கூடும்' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் ஒரு மின்பட்டையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டால் அந்தப் பிரிவு வராது. நாளைக்கு ஒரு நிறுவனம் ஊழியர்களுக்கு அதையே 'வெல்னஸ் கிட்' என்று கொடுத்தால்? சிறையில் 'மாட்டிக்கொண்டால் முன்கூட்டியே விடுதலை' என்றால்? சிலி நாடு 2021-ல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து கிடைக்கும் தகவலையும் பாதுகாக்க அரசமைப்பையே திருத்தியது. நம்மிடம் அப்படித் தனியாக எதுவும் இல்லை.

வீட்டில் யாருடைய கோபமோ குடியோ கைமீறிப் போயிருந்தால், பொடிக்கும் பட்டைக்கும் முன்னால் ஒரு போன் பண்ணலாம். மத்திய அரசின் டெலி மனஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். சம்பந்தப்பட்டவர் பேச மறுத்தாலும், அவரோடு வாழ்கிறவர்கள் அழைத்து வழி கேட்கலாம்.